கிளிப்பச்சை அடுக்கு

குமரேசனைக் கொன்னது யாருன்னு திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் வரும். ஒண்ணு, ரவி. இன்னொண்ணு, மச்சான். மூணாவதா ஒரு பேரு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. நான் எட்டாவது படிக்கறப்ப நடந்த கொலை அது. எங்க கிளாஸ்லயே ரெண்டு கட்சி இருந்துச்சு, சத்தியமா. தக்காளி சாதத்தைப் பிசைஞ்சுகிட்டே மண்டை உடைஞ்ச கதையைப் பேசுவோம். நான் மச்சான் கட்சி. வளந்தப்புறமும் அதே கட்சிதான். ஆன்லைன்ல ஒரு குரூப்பே இருக்கு, அதுல ரவி கட்சிக்காரங்களோட நான் போட்ட சண்டையை எல்லாம் அச்சடிச்சா ஒரு தலைகாணி அளவுக்கு வரும்.

கேஸ் தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். குமரேசன் சின்னதா ஒரு பனியன் யூனிட் வெச்சிருந்தாரு. வீடும் அதுதான், கம்பெனியும் அதுதான். வெளிய ஷெட்ல தையல் மெஷின், வீட்டு ஹால்ல கட்டிங் டேபிள், ஹாலை ஒட்டுனாப்ல ஒரு பெட்ரூம். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஷெட்டுக்கு லீவு. சம்சாரம் சாந்தாமணி புள்ளையைக் கூட்டிகிட்டு கோயிலுக்குப் போயிருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா மனுசன் பெட்ரூம் தரையில கெடக்கறாரு, தலையில அடி. மேல ஃபேன் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. உசுரு இருக்கும்னு நெனச்சு அக்கம்பக்கத்துல தூக்கிகிட்டு ஓடிருக்காங்க. ஆஸ்பத்திரியில இல்லன்னு சொல்லிட்டாங்க.

இப்பதான் முக்கியமான எடம். செய்தி வந்ததும் சொந்தக்காரப் பொம்பளைங்க என்ன பண்ணாங்க? பொணத்தைக் கொண்டாந்து கெடத்தணும், நாலு பேரு வருவாங்க, வீடு சுத்தமா இருக்கணும்ல? கழுவிட்டாங்க! தரை, செவுரு, கதவு எல்லாம். கட்டிங் டேபிள்ல துணி நகராம இருக்க மேல வெப்பாங்களே, இரும்புக்கட்டை, அது பெட்ரூம்ல ரத்தமா கெடந்திருக்கு. அதையும் நல்லா தேச்சுக் கழுவி, அது எடத்துலயே கொண்டுபோய் வெச்சிட்டாங்க. போலீஸ் வந்தப்ப வீடு பினாயில் வாசத்தோட பளபளன்னு இருந்துச்சாம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. சாவு வீட்டுல எல்லாரும் பண்றதைத்தான் பண்ணாங்க.

ஆதாரம் இல்லாத எடத்துல கதை முளைக்கும்ல. ரவிங்கறது ரபீந்திர பெஹரா. ஒடிசாக்காரரு, கட்டிங் ஹெல்பர். இரும்புக்கட்டையை தெனமும் தூக்கி வெக்கறது அவருதான். அன்னைக்கு சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன்ல பையோட பிடிச்சாங்க. பண்டிகைக்கு ஊருக்குப் போறேன், டிக்கெட் முன்னாடியே எடுத்ததுன்னு சொன்னாரு. யாரு கேட்டா? உள்ள வெச்சாங்க, குற்றப்பத்திரிகை போட ஒண்ணும் கிடைக்கல, வெளிய விட்டாங்க. 

மச்சான்ங்கறது வேலுச்சாமி, சாந்தாமணியோட அண்ணன். முன்ன குமரேசனுக்குக் கூட்டாளி, அப்புறம் சண்டை போட்டுகிட்டு வீட்டுப் பக்கமே வராம இருந்தவரு. அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னா, தோட்டத்துல தனியா தண்ணி பாச்சிட்டிருந்தேன்னாரு. பாத்தவங்க யாரும் இல்ல. டிஎன்ஏ பாக்க ரத்த மாதிரி குடுங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில்தான் எங்க கட்சிக்கு வேதவாக்கு: "என் தங்கச்சி வந்து எங்கிட்ட கேக்கட்டும். குடுக்கறேன்."

தங்கச்சி கேக்கவே இல்ல. பன்னெண்டு வருசமா.

இதுல நான் எங்க வரேன்னா, நான் இப்ப கோயமுத்தூர்ல ஒரு தடயவியல் லேப்ல வேலை பாக்கறேன். எங்க லேபுக்கு ரெஹானா மேடம்தான் தலைவி. தூசியைப் படிக்க அவங்க கட்டுன மெஷின் ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே நான் இந்தக் கேஸைச் சொல்லி அவங்க காதைத் தின்னுட்டேன். கடைசியில பழைய கேஸ் பிரிவு இன்ஸ்பெக்டர் அமல்ராஜ் சார் லேபுக்கே வந்துட்டாரு.

"ஃபேனா?"ன்னாரு.

"ஃபேன்தான் சார்"ன்னேன்.

"தாரணி, நீ கொஞ்சம் மூச்சு விடு. நான் சொல்றேன்"ன்னு மேடம் என்னைத் தள்ளிட்டு அவங்களே ஆரம்பிச்சாங்க. "சார், ஓடற ஃபேனோட றெக்கை காத்தை வெட்டிட்டுப் போகுதுல்ல, அந்த முன் விளிம்புல கருப்பா ஒரு தூசி அப்பி இருக்கும். பாத்திருக்கீங்களா?"

"வீட்டுல தீவாளிக்குத் தீவாளி என்னைத்தானே ஏறச் சொல்றாங்க."

"அந்தத் தூசியில பாதி நம்ம தோலுதான். ரூம்ல யாரு இருந்தாலும் அவங்க தோல் உதுந்துகிட்டே இருக்கும், ஃபேன் அதை இழுத்து விளிம்புல ஒட்டிக்கும். நாளுக்கு நாள், அடுக்கு மேல அடுக்கா. எங்க மெஷின் மேலேருந்து ஒவ்வொரு அடுக்கா சுட்டு, அதுல யாரோட டிஎன்ஏ இருக்குன்னு படிக்கும்."

"சுட்டுன்னா?"

"எரிச்சுதான் படிக்கும். படிச்ச அடுக்கு திரும்ப வராது. ஒரே தடவைதான்."

அமல்ராஜ் சார் மேல எங்க லேப் ஃபேனைப் பாத்தாரு. "அப்ப என் வீட்டு ஃபேனைப் படிச்சா, யாரு யாரு வந்துபோனாங்கன்னு..."

"வரும் சார்."

"வேண்டாம்மா. நான் குடும்பஸ்தன்."

சிரிச்சோம். ஆனா அது ஒண்ணும் சிரிப்பு இல்ல. இந்த மெஷின் பத்தி செய்தி வந்த வாரமே கடைங்கள்ல ஃபேன் துடைக்கற பிரஷ் தீந்துபோச்சு. ஒரு அம்மா, மருமக ரூம் ஃபேனைக் கழட்டி சேலையில சுத்திகிட்டு எங்க கேட்டுக்கே வந்துட்டாங்க. மேடம் அவங்களை உக்காரவெச்சு டீ குடுத்து, "போலீஸ் கேஸ் மட்டும்தாங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அந்தம்மா போனப்புறம் டீ டம்ளரை எடுத்து வெச்சாங்க. "நாம என்னத்தைச் செஞ்சு வெச்சிருக்கோம் தாரணி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சரி, விட்ட எடத்துக்கு வரேன். "அடுக்கு இருக்கு, சரி. எந்த அடுக்கு எந்த நாள்னு எப்படித் தெரியும்?"னு சார் கேட்டாரு பாருங்க, நான் துள்ளிட்டேன்.

"வேற ஊருன்னா தெரியாது சார். திருப்பூர்னா தெரியும்! பஞ்சு! செவப்பு ஆர்டர் ஓடுற மாசம் காத்துல செவப்புப் பஞ்சு, நீல ஆர்டர்னா நீலப் பஞ்சு. தூசி கலர் கலரா கோடு போட்டுகிட்டே போகும். குமரேசன் யூனிட்ல கடைசியா ஓடுனது குழந்தைங்க டீசர்ட், கிளிப்பச்சை. அந்த ஷெட்ல இருந்த டெய்லர் அக்கா ஒருத்தங்ககிட்ட பேசுனேன், 'அந்த மாசம் பூரா மூக்கு சிந்துனாக்கூட பச்சையா வரும்'னாங்க. அவரு செத்ததும் யூனிட்டை மூடிட்டாங்க. அப்ப கிளிப்பச்சைக்கு மேல வெறும் சாம்பல் தூசி. பச்சை முடிஞ்சு சாம்பல் ஆரம்பிக்கற எடம்தான் அந்த ஞாயித்துக்கிழமை!"

சார் என்னையே பாத்தாரு. "மேடம், இந்தப் பொண்ணு தூங்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல"ன்னாங்க மேடம்.

சாந்தாமணி அம்மா இன்னமும் அதே வீட்டுலதான் இருக்காங்க. கான்ஸ்டபிள் ரெண்டு பேரு போய், எந்த ரூம்னு கேட்டு, பெட்ரூம் ஃபேனைக் கழட்டி, சீல் வெச்சுக் கொண்டாந்துட்டாங்க. நான் லென்ஸோட குனிஞ்சேன். விளிம்புல நான் சொன்ன மாதிரியே கோடு. மேல தடியா சாம்பல், அதுக்குக் கீழ கிளிப்பச்சை, அதுக்கும் கீழ மெரூன், நீலம், மறுபடி நீலம்.

குமரேசன், சாந்தாமணி, ரவி மூணு பேரோட மாதிரியும் பழைய கேஸ்லயே இருந்துச்சு. சாம்பல் பூரா சாந்தாமணியும் அவங்க புள்ளையும் மட்டும். பச்சை முடியற எடத்துல புள்ளையை விட்டா மூணு பேரு. குமரேசன். சாந்தாமணி. ரபீந்திர பெஹரா.

ரவி நெறைய. கொஞ்ச நஞ்சமில்ல, கொட்டிக் கெடந்தாரு. அன்னைக்கு அவரு போலீஸ்ல சொன்னது என்ன? "ஓனர் பெட்ரூம்ல நான் கால் வெச்சதே இல்ல."

மச்சான் கட்சி அவுட்டு. குரூப்ல எவன் மூஞ்சியில முழிக்கறதுன்னு யோசிச்சுகிட்டிருந்தேன், அவ்வளவுதான் என் கவலை அப்ப. மறுநாளே ரவியைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்க புது மாதிரி வேணும்னு என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினாங்க.

பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நரை விழுந்துடுச்சு. என் மனசுல இருந்தது அந்தக் காலத்து பேப்பர்ல வந்த ஒல்லிப் பையன் போட்டோதான். இப்ப ஒரு பெரிய யூனிட்ல கட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆகி, ஒரு பொண்ணு இருக்கா.

"வாயைத் திறங்கண்ணா"ன்னேன். பஞ்சுக்குச்சியைக் கன்னத்துல தேய்ச்சேன்.

"போன தடவை ரத்தம் எடுத்தாங்கோ. இப்போ வலிக்கவே இல்ல. முன்னேற்றம்தான்"ன்னாரு. சிரிக்கல.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் இருக்கே. "வெளிய விட்டப்பவே நீங்க ஊருக்குப் போயிருக்கலாமேண்ணா?"

"போனா என்ன சொல்வீங்கோ? ஓடிட்டான்னு சொல்வீங்கோ. அதனால போகல. அம்மா செத்துப்போச்சு, அப்பவும் போகல. பன்னெண்டு வருசம் இதே ஊர்ல எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துட்டே இருந்தேன். ஓடலன்னு காட்டணும்ல." பஞ்சுக்குச்சி டப்பாவைப் பாத்தாரு. "பொண்ணு அஞ்சாவது. இப்போ அது ஸ்கூல்ல கேப்பாங்கல்ல, உங்கப்பா எங்கேன்னு?"

டப்பாவை மூடி, பேரு எழுதி ஒட்டுனேன். 

லேபுக்குத் திரும்பி வந்து மறுபடி அந்த அடுக்குப் படத்தையே பாத்துகிட்டிருந்தேன். ஏதோ ஒண்ணு உறுத்துச்சு. பச்சைக்கோடு ரொம்பத் தடியா இருந்துச்சு. கதவு சாத்துன பெட்ரூமுக்குள்ள இவ்வளவு பஞ்சா? அப்புறம் இன்னொண்ணு. பச்சைக்கு நடுவுல வெள்ளைவெள்ளையா பொடி.

"மேடம், இது என்ன?"

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு. செவுத்துப் பெயிண்ட்டா?"

எடுத்துப் பாத்தோம். பெயிண்ட் இல்ல. துணியில கோடு போடற சாக்பீஸ் பொடி. கட்டிங் டேபிள்ல மட்டும்தான் அதுக்கு வேலை. 

"மேடம், பெட்ரூம்ல எவன் துணி வெட்டுவான்?"

மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுகிட்டே யோசிச்சாங்க. "ஃபேனைக் கழட்டுனப்ப அந்தம்மாகிட்ட யாராச்சும் பேசுனாங்களா?"

"எந்த ரூம்னு கேட்டாங்களாம். காட்டுனாங்களாம்."

"அவ்வளவுதான் கேட்டாங்களா?" மேடம் எந்திரிச்சிட்டாங்க. "நீ போ. போய் அவங்களைப் பேச விடு. நீ பேசாத, புரியுதா?"

காலையில பத்து மணி வெயில்ல போய் நின்னேன். சாந்தாமணி அம்மாவுக்கு அறுபது இருக்கும். வாசல் கூட்டிட்டு இருந்தவங்க, நான் யாருன்னு சொன்னதும் வெளக்கமாத்தைச் சாத்தி வெச்சிட்டு, "உள்ள வா கண்ணு, மோர் குடி மொதல்ல"ன்னாங்க.

ஹால்ல இன்னமும் அந்தக் கட்டிங் டேபிள் கெடக்கு, மேல பழைய பேப்பரும் வெங்காயமும் பரப்பி வெச்சிருக்காங்க. செவுத்துல ஒரு கல்யாணப் போட்டோ. அவங்க பொண்ணு நந்தினி, மாலையும் கழுத்துமா.

"மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?"

"பேங்க்ல இருக்கான். எங்கண்ணன் பையந்தான்."

மோர் டம்ளரைக் கீழ வெச்சேன். எங்க குரூப்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. கொலை பண்ணதா நாங்க சொல்ற மனுசனோட வீட்டுல, செத்தவரோட பொண்ணு வாக்கப்பட்டிருக்கா.

"சின்னதுலேருந்தே ரெண்டுக்கும் ஆசை. நான் எப்படி வேண்டாங்கறது? எதைச் சொல்லி வேண்டாங்கறது?" அவங்க போட்டோவைப் பாக்கல, என்னையும் பாக்கல. "குடுத்தேன். ஆனா அந்த வாசப்படி ஏறுனது இல்ல. அண்ணங்கூட பேசுறதும் இல்ல. ஏதாச்சும் சொல்லணும்னா நந்தினி வழியாத்தான்."

நான் ஃபேன் பேச்சை எடுத்தேன். அதுல என்ன படிக்கறோம்னு சொன்னேன். ரவி அந்த ஃபேன்ல இருக்காருன்னும், அதனாலதான் பிடிச்சிருக்காங்கன்னும் சொன்னேன்.

"எந்த ஃபேன்ல?"

"பெட்ரூம்ல கழட்டிட்டு வந்தாங்களே, அதுலங்க."

சாந்தாமணி அம்மா நிமிந்தாங்க. "ஐயோ கண்ணு. அது அந்த ரூம் ஃபேன் இல்லியே."

"என்னங்க?"

"எங்கூட்டுக்காரரு அதுக்கடியில தானே கெடந்தாரு. அதைப் போட்டுகிட்டு எப்படிப் படுக்கறது? கருமாதி முடிஞ்சதும் கழட்டி இங்க மாட்டச் சொல்லி, இங்க இருந்ததை ரூமுக்கு மாத்திட்டேன். வந்த தம்பிங்க எந்த ரூம்னுதான் கேட்டாங்க, காட்டுனேன். எதுக்குன்னு ஒண்ணும் சொல்லலியே."

தலையைத் தூக்குனேன். கட்டிங் டேபிளுக்கு மேல ஃபேன் தொங்கிட்டிருந்துச்சு. றெக்கை விளிம்புல மெலிசா ஒரு பச்சைக்கோடு. அதுக்கு மேல சாம்பல் எதுவுமே இல்ல.

அப்ப நாங்க படிச்சது ஹால் ஃபேன். ரவி வருசக்கணக்கா நின்னு வேலை பாத்த எடம். அவரு கொட்டிக் கெடக்காம வேற யாரு கெடப்பா?

"இது ஓடறதில்லைங்களா?"

"மாட்டுனதோட சரி. சுவிட்சைப் போட்டதே இல்ல. அன்னைக்கு நான் வந்தப்ப ஓடிட்டிருந்துச்சே, அதுதான் கடைசி. பொங்கலுக்கு வீடு பூரா ஒட்டடை அடிப்பேன், இதை மட்டும் தொட மாட்டேன்." தலையைத் தூக்கி அதைப் பாத்தாங்க. "அவரு விட்ட மூச்சு அதுல ஒட்டிகிட்டு இருக்கற மாதிரி எனக்கு ஒரு இது. பைத்தியம்னு நெனைப்ப."

பைத்தியம் இல்ல. அறிவியல்படி அவங்க சொன்னது நிஜம். அதை எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல. 

"யாருங்க மாட்டுனது?"

"எங்கண்ணந்தான்." முந்தானையை விரல்ல சுத்துனாங்க. "அன்னைக்குத்தான் கடைசியா எங்கூட நேரடியா பேசுச்சு. ஸ்டூல்ல ஏறி நின்னு, 'தொடச்சிட்டு மாட்டட்டுமா சாந்தா?'ன்னு கேட்டுச்சு. எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. ஊடே கழுவித் தொடச்சதாலதான் ஒண்ணும் கிடைக்கலன்னு போலீஸ்காரங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க, இது எதுக்கு இப்ப தொடைக்கறேங்குதுன்னு. வேண்டாம், அப்படியே மாட்டுன்னேன். எம் மூஞ்சியைப் பாத்துச்சு. அதுக்கும் புரிஞ்சிருச்சு. அதோட சரி."

வெளிய எங்கயோ ஒரு பவர் டேபிள் தையல் மெஷின் கடகடன்னு ஓடிகிட்டிருந்துச்சு. மேடம் சொன்ன மாதிரி நான் வாயைத் திறக்கல.

"இதைப் படிச்சா ரவி தம்பி வெளிய வந்துருமா?"

"அவரு இதுல இல்லன்னா வந்துருவாருங்க."

"படிச்சா தூசி மிச்சம் இருக்குமா?"

"இருக்காதுங்க. எரிச்சுதான் படிக்கணும்."

தலையாட்டுனாங்க. "உங்ககிட்ட யாரு யாரோட மாதிரி இருக்குது?"

"ஐயாவோடது, உங்களோடது, ரவியோடது. உங்கண்ணன் குடுக்கல."

"ஒருத்தரோடது இல்ல, அவங்க கூடப்பொறந்தவங்களோடதுதான் இருக்குதுன்னா... கண்டுபிடிச்சிருவீங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு சும்மா ஒரு டெக்னிகல் கேள்வியாத்தான் பட்டுச்சு, என் மரமண்டைக்கு. "ஓ, ஈசியாங்க! பாதிக்குப் பாதி ஒத்துப்போகும்ல"ன்னு சந்தோசமா வேற சொன்னேன்.

அவங்க எந்திரிச்சு உள்ள போனாங்க. கல்யாணப் போட்டோவுக்குக் கிட்ட ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு மரஸ்டூலைத் தூக்கிட்டு வந்து கட்டிங் டேபிள் பக்கத்துல போட்டாங்க.

"கழட்டிக்கோ கண்ணு. பாத்து, றெக்கையில கை படாம."

போலீஸை வரச்சொல்லி, முறைப்படி எழுதி வாங்கி, கோயமுத்தூருக்குக் கொண்டுவர வழியில, அவினாசி தாண்டுனப்புறந்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைச்சுது. கூடப்பொறந்தவங்க. அவங்க ரத்தமே அவங்க அண்ணனுக்கு எதிரா சாட்சி சொல்லும்னு தெரிஞ்சுகிட்டு, பொண்ணோட வாழ்க்கை என்னாகும்னும் தெரிஞ்சுகிட்டு, ஸ்டூலைக் கொண்டாந்து போட்டிருக்காங்க. யாருக்காக? ஒடிசாவுலேருந்து வந்த ஒரு கட்டிங் ஹெல்பருக்காக. ஜீப்புல பின்னாடி ஃபேனை மடியில வெச்சுகிட்டு வந்தேன். பன்னெண்டு வருசத்துல முதல் தடவையா மச்சான் கட்சி தோக்கணும்னு வேண்டிகிட்டேன்.

மெஷின்ல ஏத்துனோம். அமல்ராஜ் சார் நின்னுகிட்டே இருந்தாரு, உக்காரச் சொன்னாலும் உக்காரல. மொதல்ல றெக்கை மேல, ஃபேன் தொங்கற தடியில, அதை மூடற கிண்ணத்துல அங்கங்க எடுத்த மாதிரிங்க. திரையில பதில் வந்துச்சு. சாந்தாமணிக்கு உடன்பிறப்பு, ஆண்.

"முடிஞ்சுது"ன்னாரு சார். "வேலுச்சாமி."

ஜீப்புல நான் வேண்டிகிட்டது வீணாப் போச்சு.

"எங்கேருந்து எடுத்த மாதிரி அது, தாரணி?" மேடம் சத்தமே உசத்தல.

பாத்தேன். தடியில. கிண்ணத்துல. றெக்கையோட அடிப் பக்கம், கை வெச்சுப் பிடிக்கற எடத்துல. "மேடம்... மாட்டுனப்ப கை பட்ட எடம்!"

"அதான். விளிம்புல ஒட்டணும்னா ஃபேன் ஓடணும். கைபட்டது வேற, காத்துல வந்தது வேற. விளிம்பைப் படி."

அந்த ஃபேன் கடைசியா ஓடுனது அந்த ஞாயித்துக்கிழமை. விளிம்போட மேல் அடுக்குதான் அன்னைக்கு மத்தியானம். எரியற ஒளி சின்னதா ஒரு தடவை மினுங்குச்சு. சாந்தாமணி அம்மா காப்பாத்தி வெச்சிருந்தது அதோட போயிடுச்சு.

ரெண்டு பேரு. ஒண்ணு குமரேசன். இன்னொண்ணு ஆம்பளை. ரவி இல்ல. சாந்தாமணிக்கு உறவு இல்ல. குமரேசனுக்கும் உறவு இல்ல. போலீஸ் பட்டியல் பூரா ஓட்டிப் பாத்தோம், யாரோடயும் ஒத்துப்போகல. கீழ் அடுக்குங்க எதுலயும் அந்த ஆளு இல்ல. அந்த ஒரே ஒரு மேல் அடுக்குல மட்டும் இருக்கான். ஒரு தடவை வந்திருக்கான், போயிட்டான்.

அமல்ராஜ் சார் அப்பதான் உக்காந்தாரு. "யாரும்மா இவன்?"

"தெரியாது சார்"ன்னாங்க மேடம். "தூசி யாரு இருந்தாங்கன்னு சொல்லும், யாரு அடிச்சாங்கன்னு சொல்லாது. ஆனா நீங்க சந்தேகப்பட்ட ரெண்டு பேரும் அங்க இல்ல. அதை நான் கோர்ட்டுலயே சொல்வேன்."

பன்னெண்டு வருசம் ஒரு ஊரே ரெண்டு கட்சியா நின்னு சண்டை போட்டிருக்கோம். ரெண்டும் தப்பு. குரூப்ல நான் எதுவும் போடல. போட்டா மூணாவது கட்சி ஒண்ணு ஆரம்பிக்கும், அந்த ஆளுக்கு ஆளாளுக்கு ஒரு பேரு வெப்பாங்க. வெளிய வந்துட்டேன் அதுலேருந்து.

ரவி அண்ணாவை அன்னைக்கே விட்டுட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல அவரு பொண்ணு யூனிபார்மோட நின்னுகிட்டிருந்தா. "இப்ப ஊருக்குப் போவீங்களாண்ணா?"ன்னு கேட்டேன். 

"எங்க ஊர் பண்டிகைக்கு மரத்துல ஊஞ்சல் கட்டுவாங்கோ. இவ பாத்ததே இல்ல. கூட்டிட்டுப் போகணும்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்துதான் எடுப்பேன்"ன்னாரு. இந்தத் தடவை சிரிச்சாரு.

மொதல்ல கழட்டுன ஹால் ஃபேன் கேஸுக்குத் தேவையில்லன்னு திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. நானே எடுத்துகிட்டுப் போனேன். சாந்தாமணி அம்மா ரெண்டு வாரமா ஃபேன் இல்லாமத்தான் தூங்கியிருக்காங்க. சொன்னேன் எல்லாத்தையும். ரவி இல்ல. ஐயாவோட மூச்சு இருந்துச்சு, கடைசி அடுக்குல இருந்துச்சு, இப்ப இல்ல. யாருன்னு தெரியாத ஒரு ஆளு. அப்புறம், "உங்கண்ணன் அதுல இல்லைங்க. மாட்டுன கை மட்டுந்தான் இருக்கு"ன்னேன்.

அவங்க அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. கட்டிங் டேபிள் மேல கெடந்த வெங்காயத்தை எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்குனாங்க, நான் ஃபேனை வெக்கறதுக்கு. ஒதுக்கி முடிச்சப்புறமும் கை ஒதுக்கிகிட்டே இருந்துச்சு.

"கேட்டிருந்தா குடுத்திருக்கும்"னாங்க. "நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். என்ன வந்துருமோன்னு பயந்துகிட்டுக் கேக்கல."

நான் கெளம்பறேன்னு சொல்ல வாயைத் திறந்தேன், அவங்க போனை எடுத்தாங்க. நம்பரைத் தேடல, மனப்பாடமா அடிச்சாங்க. ரொம்ப நேரம் மணி அடிச்சுது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தாங்க.

"அண்ணா, நாந்தான்"னாங்க.

டேபிள் மேல இருந்த ஃபேன் மேல கை வெச்சாங்க.

"ஊட்டுல ஃபேன் மாட்டணும். வந்து மாட்டிக் குடு."

ஏதோ கேட்டாரு அவரு. குரல் எனக்குக் கேட்டுச்சு, வார்த்தை கேக்கல. சாந்தாமணி அம்மா முந்தானையால மூக்கைத் தொடச்சுகிட்டாங்க.

"ஆமா. தொடச்சிட்டே மாட்டு."